ஐந்தாவது வந்த பெண்

அன்புள்ள செல்வம்,

இங்கு எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் படியேறாதே என்று சொல்லியும் மாடி அறையிலேயே படுக்கையைப் போட்டிருக்கிறாயாம், தங்கச்சி போனில் புலம்பியது. சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் கண் புரை. தை பிறந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

சரி, நீ அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். "முக்காடு போட்டுக்கொண்டு இந்தத் தூக்குத் தூக்குகிறாளே, யாருடா இவள்?" என்று கேட்டிருந்தாய். சாரா சமீர். எகிப்தில் இஸ்மாயிலியாக்காரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பளுதூக்குதல், உடல் எடை 81 கிலோ வரை உள்ளவர்களுக்கான பிரிவு. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 117, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 151, ஆக மொத்தம் 268 கிலோ. நார்வேக்காரி 275 தூக்கித் தங்கத்தைக் கொண்டுபோய்விட்டாள். மூன்றாவது வந்த ஈக்வடார் பெண்ணுக்கு 267. ஒரே ஒரு கிலோவில் வெள்ளி!

ஆனால் எகிப்து என்றால் எனக்கு இவளுக்கு முன்னால் இன்னொருத்திதான் நினைவுக்கு வருவாள். அபீர் அப்தெல்ரஹ்மான். கடல்கரை ஊரான அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்தவள். அங்கே துறைமுகத்துக்கு எதிரே, வேலி போட்ட ஒரு காலி மனையில், கேப்டன் ரமதான் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு கோச் வருஷக்கணக்காகப் பெண் பிள்ளைகளுக்குப் பளுதூக்கச் சொல்லிக்கொடுத்தார். கூரை கிடையாது, ஏசி கிடையாது, ரோட்டில் லாரி போய்க்கொண்டிருக்கும். அவருடைய சொந்த மகள் நஹ்லா 2003இல் வான்கூவரில் உலக சாம்பியன் ஆனவள். அப்போது அவளுக்கு வயசு பதினெட்டு. அபீரும் அந்த மனையில் தூக்கி வளர்ந்தவள்தான். உன் ஸ்கூல் கிரவுண்டில் வெயிட் செட் வாங்கிக் கொடுக்கவில்லை என்று ஹெட்மாஸ்டரோடு சண்டை போடுகிறாயே, அந்தக் கேப்டனை நீ பார்த்திருக்க வேண்டும்.

2008 பெய்ஜிங்கில் 69 கிலோ பிரிவில் இறங்கியபோது அபீருக்குப் பதினாறு வயசு. ஐந்தாவது வந்தாள். அந்த வயசுக்கு அது பெரிய விஷயம்தான். 2012 லண்டனில் 75 கிலோ பிரிவு. அங்கேயும் ஐந்தாவது. மொத்தம் 258 கிலோ. கஜகஸ்தானின் பொடபெடோவாவும் ரஷ்யாவின் சபலோட்னயாவும் ஆளுக்கு 291. உடல் எடை குறைவு என்பதால் கஜகஸ்தான்காரிக்குத் தங்கம். பெலாரஸ் பெண் 269, ஸ்பெயினின் லிடியா வாலன்டின் 265. மூன்று கொடி ஏறியது, ஒரு தேசிய கீதம் பாடியது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அதோடு முடியவில்லை. ஒலிம்பிக்ஸில் எடுக்கிற சிறுநீர் மாதிரிகளை வருஷக்கணக்காக உறைய வைத்திருப்பார்கள். பிற்பாடு சோதனை முறை நன்றாகத் தேறியது. பலம் கூட்டத் தின்கிற, தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு மருந்து உடம்பில் உடைந்து, ரொம்ப நாள் தங்கியிருக்கும் எச்சத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடிந்தது. பழைய மாதிரிகளை வெளியே எடுத்து மறுபடி பார்த்தார்கள். லண்டன் மேடையில் நின்ற மூன்று பேரும் சிக்கினார்கள். மூவரும்! வாலன்டினுக்குத் தங்கம், அபீருக்கு வெள்ளி, ஆறாவதாக வந்த கேமரூன் பெண்ணுக்கு வெண்கலம். பெய்ஜிங் பட்டியலிலும் அபீருக்கு மேலே இருந்த நால்வரில் இரண்டு பேர் ஊக்கமருந்தில் மாட்டி நீக்கப்பட்டார்கள். ஒருத்தி 286 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய லியூ சுன்ஹோங். அங்கே அபீருக்கு வெண்கலம். இதெல்லாம் 2016, 2017 வாக்கில். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பியவளுக்கு, பேப்பரில் பார்த்தால் இரண்டு ஒலிம்பிக் பதக்கம்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று எழுதினார்கள். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. மேடை போனது, கைதட்டு போனது, அதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் பார்ப்பது வேறு. பி.டி. மாஸ்டர் உனக்குத் தெரியாததா? ஸ்னாட்ச்சில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு, ஜெர்க்கில் மூன்று. கம்பியில் எடை ஏறுமே தவிர இறங்காது. பின்னால் வார்ம்-அப் ரூமில் கோச் போர்டைப் பார்த்துப் பார்த்து எடையை மாற்றி எழுதிக்கொடுத்துக்கொண்டே இருப்பார். எதிராளி எவ்வளவு கேட்டிருக்கிறாள், நாம் எவ்வளவு வைத்தால் மேடை ஏறலாம் என்பதுதான் பாதி ஆட்டம். அன்றைக்கு 291 தூக்குகிற இரண்டு பேர் எதிரில் நின்றால் தங்கத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? அந்த மூன்று பேர் இல்லாவிட்டால் போட்டி 265க்கும் 258க்கும் நடுவில். ஏழே கிலோ. கடைசி வாய்ப்பில் அபீரின் கோச் துணிந்து ஏற்றியிருப்பார். அதற்கு வாலன்டினும் பதில் ஏற்றியிருப்பாள். யார் ஜெயித்திருப்பார்களோ! வரிசையைத் திருத்தினார்கள், சரி. நடக்காமல் போன அந்தப் போட்டியை யார் நடத்தித் தருவது?

இதில் சாராவின் கதையும் கலந்திருக்கிறது. 2016 ரியோவில் அவளுக்குப் பதினெட்டு வயசு. பள்ளி இறுதித் தேர்வை விட்டுவிட்டுப் போனவள், 69 கிலோ பிரிவில் 255 தூக்கி வெண்கலம் வாங்கினாள். ஒலிம்பிக் மேடையில் எகிப்துப் பெண் ஒருத்தி ஏறி நின்றது அதுதான் முதல் தடவை. அபீர் அந்த ரியோவில் ஆடவே இல்லை. சில மாதத்தில் கணக்கு மாறிவிட்டது. முதல் பதக்கம் என்று பார்த்தால் அபீருடையது, முதலில் மேடை ஏறியது சாரா. யாருக்கும் குறை வைக்காத ஏற்பாடுதான் என்று வைத்துக்கொள்வோம்.

எகிப்து மட்டும் சுத்தம் என்று நினைத்துவிடாதே. அவர்களுடைய இளையோர் அணியில் சிலர் ஊக்கமருந்தில் மாட்டி, நாட்டுக்கே தடை விழுந்தது. அதனால் டோக்கியோவுக்கு எகிப்திலிருந்து பளுதூக்க ஒருவர்கூடப் போக முடியவில்லை. சாராவுக்கும் அடி, உலக சாம்பியன் முகமது இஹாபுக்கும் அடி. இத்தனைக்கும் 1936இலேயே பெர்லினில் காதர் எல் தூனி இரண்டாவது வந்த ஜெர்மன்காரரைவிட 35 கிலோ கூடுதலாகத் தூக்கித் தங்கம் வாங்கிய நாடு அது. அடுத்தவர் தின்ற மருந்தால் அபீருக்கு இரண்டு மேடை போனது, சொந்த நாட்டுப் பிள்ளைகள் தின்ற மருந்தால் சாராவுக்கு ஒரு ஒலிம்பிக்ஸே போனது. எட்டு வருஷம் காத்திருந்து பாரிஸில் அந்த 151ஐத் தூக்கியிருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு வீடியோவை இன்னொரு தரம் போட்டுப் பார்.

உன் பிள்ளைகளில் மாவட்டப் போட்டிக்குப் போகிற அந்தப் பெண் இப்போது எவ்வளவு தூக்குகிறாள்? ஸ்னாட்ச்சில் முழங்கை மடங்குகிறது என்று எழுதியிருந்தாயே, சரியானதா? பவுடர் டப்பா புரோட்டீன் எதையாவது கடைக்காரன் பேச்சைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளா என்று ஒரு வார்த்தை கேட்டு வை. அம்மா ஆபரேஷனுக்கு நீ வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல், ரயிலில் கீழ் பெர்த்தாகப் போட்டுவிடுகிறேன். மற்றவை நேரில்.

உன்,
ராஜு