ஏழாவது பேரில் நின்றுவிடும் பாட்டு

நாட்டுப்புறவியல் துறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் கருத்தரங்குக்கு வந்திருந்தேன். மூழ்கிப்போன கப்பல்களைப் பற்றிய பாட்டுகள் என்று ஒரு மணி நேரம் பேசினீர்கள். நன்றாகவே பேசினீர்கள். 1975 நவம்பர் 10 அன்று அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது, மறுநாள் டெட்ராய்ட் தேவாலயம் ஒன்றில் ஆளுக்கு ஒரு தடவையாக 29 முறை மணி அடித்தார்கள், அடுத்த வருடமே அது பாட்டாகிவிட்டது என்றீர்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள்கூட செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். எனக்கு உங்கள் அறையில் இருக்கும் பீரோதான் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குள்தானே எங்கள் அம்மிச்சி பாடிய கேசட் இருக்கிறது? 1989ல் உங்கள் ஆட்கள் சத்தியமங்கலம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்து பதிந்துகொண்டு போனது. நகல் தருவதாகச் சொன்னார்கள். மனு மட்டும் நான்கு கொடுத்தாயிற்று.

பவானிசாகர் அணை கட்டாத காலம். இங்கே வெயில் காயும், நீலகிரியில் மழை கொட்டும், ஆறு சொல்லாமல் ஏறும். புளியம்பட்டிச் சந்தைக்குப் போய்த் திரும்பியவர்களோடு பரிசல் கவிழ்ந்து ஒன்பது பேர் போனார்கள். யார் யார், யார் கையில் என்ன இருந்தது என்று பாட்டில் வரிசையாக வரும். ஒருத்தி மடியில் கருப்பட்டி, ஒருவர் தோளில் புது மூக்கணாங்கயிறு. வேறெங்கும் எழுதி வைக்காத பேர்கள்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஏழாவது பேர் வரை பாடுகிறார். அப்புறம் பேர் வருவதில்லை. மெட்டு மட்டும் வாயில் ஓடும், கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி ஏழில் நிற்பார். "ஏங்கண்ணு, அந்தக் கேசட்டு வந்துச்சா?" என்பார். நகல் கொடுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

கடைசியாக வந்தபோது, பாடியவரே நேரில் வந்து ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அம்மிச்சி 1994ல் காலமாகிவிட்டார். அழைத்து வருவதில் சிறு சிரமம் இருக்கிறது.

பொதுவாகவே இப்போது கிராமியக் கலை என்றால் ஒரே நிறச் சேலையில் ஐந்நூறு பேர் கும்மி அடிக்க வேண்டும், மேலே டிரோன் பறக்க வேண்டும், மந்திரி வர வேண்டும். செத்தவர்கள் பேரைச் சொல்லும் பாட்டுக்கு யார் பந்தல் போடுவார்கள்? சரி, அது வேறு கதை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேசட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நகல் போதும். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்யும் செலவு என்னுடையது. அதற்கும் நாளாகும் என்றால், யாராவது ஒருவர் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டு, எட்டாவது பேரையும் ஒன்பதாவது பேரையும் ஒரு தபால் கார்டில் எழுதிப் போடுங்கள். முகவரி நான்கு மனுவிலும் இருக்கிறது.

தயவுசெய்து.

இப்படிக்கு,
அம்மிச்சியின் பேரன்