ஏரி அலையின் இடைவெளி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பெரிய ஏரிகளில் நடக்கும் கப்பல் விபத்துச் செய்திகள் பெரும்பாலும் ‘அதிக பாரம்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. 2018 செப்டம்பரில் விக்டோரியா ஏரியில் கவிழ்ந்த ‘நியேரேரே’ படகில் 101 பேருக்குத்தான் இடம். இறந்தவர்களே 200-க்கும் மேல். அங்கு அது உண்மை. ஆனால் ஏரியின் அலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஆழ்நீரில் அலையின் நீளம், அதன் கால இடைவெளியின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 12 விநாடிக்கொரு முறை வரும் கடல் அலையின் நீளம் 225 மீட்டர். ஏரியில் காற்று ஓடும் தூரம் குறைவு என்பதால் இடைவெளி 6 விநாடியாகச் சுருங்கும். நீளம் 56 மீட்டர்தான். உயரம் அதே 3 மீட்டர் என்றாலும், ஏரி அலை நான்கு மடங்கு செங்குத்து. முதல் அலையிலிருந்து அணியம் (படகின் முன்முனை) நிமிர்வதற்குள் அடுத்தது மேலே விழுகிறது. உள்ளே வந்த தண்ணீரை இறைக்க நேரமில்லை. நன்னீர் லேசானது என்பதால்தான் இப்படி என்று சொல்வது சரியல்ல. அடர்த்தி வித்தியாசம் 2.5 சதவீதம் மட்டுமே.

1975 நவம்பர் 10 அன்று வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் 29 பேருடன் மூழ்கிய ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ சரக்குக் கப்பல் 222 மீட்டர் நீளம்; அதில் சுமார் 26,000 டன் இரும்புத் தாது உருண்டைகள். சரக்கறை மூடிகள் வழியே நீர் புகுந்தது என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் முடிவு. மாற்றுக் கருத்துகளும் உண்டு. என்னை உறுத்துவது வேறு: அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் விதியைத் திருத்தி, தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரத்தை அந்தக் கப்பலுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் குறைத்திருந்தார்கள். கடலுக்குத் தரும் மரியாதையை ஏரிக்குத் தராததன் விளைவுதான் இத்தகைய தளர்வு.

புயல் வரும் நேரமும் முக்கியம். விக்டோரியா ஏரியில் பகலில் இடி மழை கரையில். இரவில் எல்லாக் கரைகளிலிருந்தும் நிலக்காற்று ஏரிக்குள் வந்து மோத, மேகம் நீர் மேலேயே எழும்புகிறது. விளக்கேற்றி மீன்பிடிப்பவர்கள் அங்கிருப்பதும் இரவில்தான்.

சிறு படகில் மாட்டிக்கொண்டால் முதலில் உயிர்காப்பு அங்கி. தண்ணீரில் விழுந்தபின் அதை மாட்டுவது மிகக் கடினம். எல்லோரும் நடுவில், தரையோடு தரையாக உட்கார வேண்டும். வேகத்தைக் குறைத்து, அலையை அணியத்தின் ஓரமாக, 30 முதல் 45 பாகைச் சாய்வில் வாங்க வேண்டும். எஞ்சின் நின்றால் நங்கூரமோ கயிற்றில் கட்டிய வாளியோ அணியத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பின்பக்கம் கட்டினால் அடுத்த அலை நேராக உள்ளே வரும்.

அடுத்த விபத்துச் செய்தியில் பயணிகள் எண்ணிக்கையோடு காற்றின் திசை, வேகம், அலைகளின் இடைவெளி ஆகியவற்றையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்