ஏழாம் பாகம் திங்கட்கிழமை தொடங்குகிறது

நண்பர்களே, வரும் திங்கள் முதல் 'ஹாரி பாட்டர் அண்ட் த டெத்லி ஹாலோஸ்' வாசிக்கிறோம். 2007 ஜூலை 21 அன்று வெளியான கடைசிப் பாகம். 36 அத்தியாயங்கள், பிறகு 19 ஆண்டுகள் கழித்து நடக்கும் ஒரு பின்கதை. வாரம் ஆறு அத்தியாயங்கள் போதும்.

முகப்பில் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடக வரிகளும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சமயச் சிந்தனையாளர் வில்லியம் பென்னின் வரிகளும் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். நூல் எதைப் பற்றியது என்பதை அவையே சொல்லிவிடுகின்றன.

கூடாரத்தோடு ஹாரி, ரான், ஹெர்மாயினி மூவரும் அலையும் நடுப்பகுதி இழுவை என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அதுதான் நூலின் உயிர். பள்ளி இல்லை, வழிகாட்ட ஆசிரியர் இல்லை, பசியும் சந்தேகமும் நட்பையே அரிக்கின்றன. ஆறு பாகங்களாக நாம் நேசித்த பிள்ளைகள் அங்கேதான் பெரியவர்களாகிறார்கள். அவசரப்படாமல் படியுங்கள்.

ஒரு வேண்டுகோள். 2010, 2011இல் வந்த இரண்டு படங்களையும் பார்த்தவர்கள் முடிவைப் பற்றி மூச்சுவிட வேண்டாம். முதன்முறை படிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 33ஆம் அத்தியாயத்தை முடித்ததும் "முடித்துவிட்டேன்" என்று மட்டும் எழுதுங்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு அதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கிப் பேசுவோம்.