கூத்துக் கேசட்டுகளைக் கையில் வைத்திருக்கும் ஆடியோ கம்பெனிகளுக்கு

வணக்கம்.

வட ஆற்காட்டுத் தெருக்கூத்துக் குழுக்களான ஜமாக்கள் பாடிக் கொடுத்த கர்ண மோட்சத்தையும் அர்ச்சுனன் தபசையும் ஆன்லைனில் விலைக்குக் கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்? நகல் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் பழையது. 2003-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஆன்லைன் பாட்டுக் கடை திறந்தபோது பாட்டு 99 சென்ட். கம்பெனிகளின் பிடிவாதத்தால் ஒவ்வொன்றுக்கும் நகலெடுக்க விடாத ஒரு டிஜிட்டல் பூட்டு. 2009-இல் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். அது மறித்தது காசு கொடுத்தவரைத்தான். வேலூரில் பென்டிரைவில் பாட்டு ஏற்றித் தருபவருக்குப் பூட்டு எதற்கு, அவரிடம் கேசட்டே இருக்கிறதே!

ஸ்ட்ரீமிங் போதும் என்கிறீர்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் பணக் கணக்கில் ஒரு கேட்பு. அதற்குமேல் 3 நிமிடமானாலும் 30 நிமிடமானாலும் அதே ஒன்றுதான். சி-60 கேசட்டின் ஒரு பக்கத்தை அப்படியே ஒரே டிராக்காக ஏற்றினால் அரை மணி நேரப் பாட்டுக்கு ஒரு கேட்புதான் மிஞ்சும். சினிமாப் பாட்டின் அளவுக்குத் தைத்த சட்டை இது. கூத்தை முழுசாக, ஒரே விலைக்கு விற்பதுதான் சரி.

விற்கும் முன் ஒலியைச் சரியாக எடுங்கள். கேசட் டெக்கில், டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஒட்டி, அதன் கோணத்தை மாற்றும் அசிமத் திருகை ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாக வைக்க வேண்டும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி மெல்லத் திருப்புங்கள். தாளத்தின் 'சிங்' எங்கே கூர்மையாக விழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். கோணம் தப்பினால் முதலில் மங்குவது தாளமும் முகவீணை என்ற சிறு ஊதுகுழலும். இரைச்சல் நீக்கும் மென்பொருளால் அதை மீட்க முடியாது. அழுத்திப் போட்டால் ஆர்மோனியம் தண்ணீருக்குள் வாசித்தது போலாகும். கேசட் உறையில் டால்பி (இரைச்சல் குறைப்பு) குறி இல்லையென்றால் டெக்கின் டால்பி பட்டனைத் தொடாதீர்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். எம்பி3 பிறகு.

விருத்தத்தின் நடுவில் கேசட்டின் ஒரு பக்கம் முடிந்திருக்கும். இரண்டு துண்டையும் ஒட்டிவிட்டு, பாட்டு, வசனம், விருத்தம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்ஆர்சி கொடுங்கள்; ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு அது. (ஸ்ட்ரீமிங் கணக்கும் இதனால் கொஞ்சம் தேறும்.) 'பல்வேறு கலைஞர்கள்' என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். பின்பாட்டுக்காரர், முகவீணைக்காரர் பெயர்கள் உறையிலேயே இருந்தால் அப்படியே ஏற்றுங்கள்.

ஒப்பந்தம் இன்னொரு சிக்கல். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், எழுதிக் கொடுத்த நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், உரிமை கைமாறாது என்கிறது. கேசட் காலத்து ஒற்றைத் தாளை நீட்டி வாதாடுவதைவிட, பாட்டுக் கட்டிய வாத்தியார் குடும்பத்தோடு உட்கார்ந்து டவுன்லோடு பங்கைச் சதவீதத்தில் எழுதிய புதுத் தாள் போடுவது உங்களுக்கும் மலிவு.

இப்படிக்கு,
வேலூர், ஆரணிப் பக்கம் கூத்து ஒலிப்பதிவு செய்பவர்கள்