பழைய சேர்க்கைப் பதிவேடுகள் தொடர்பாகப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து, திருத்திய விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்பின் தேர்ச்சி சென்ற ஆண்டைவிட உயர்ந்திருக்கிறது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவிகள் கோ-கோவில் இரண்டாமிடம் பெற்றார்கள். கலைத் திருவிழாவில் பங்கேற்ற அனைவருக்கும் பாராட்டுகள். கழிப்பறைப் பழுதுபார்ப்பு தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்று ஒப்பந்ததாரர் உறுதியளித்திருக்கிறார். இதே உறுதியை அவர் ஜூன் மாதத்திலும் அளித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இக்கடிதத்தை எழுத நேர்ந்ததற்குக் காரணம் வேறு. நம் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையானுக்கு இரையாகிவிடக் கூடாது என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றைப் பார்ப்பதற்காக ஆகஸ்ட் மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். பேனாக்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் மட்டும் கொடுத்தார்கள். பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் தொட்டு ஏட்டைப் புரட்டப் போன என்னைக் காப்பக உதவியாளர் மாணவர்கள் முன்னிலையிலேயே தடுத்தார். அவர் செய்தது சரிதான்.

மை பழுப்பேறிய அந்தத் தாள்களில் மாணவர் பெயர், தந்தை பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் பாதிப் பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருப்பதைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வைத்துக்கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்தையொட்டி ஆசிரியரே ஒரு பிறந்தநாளை எழுதிவிட்ட காலம் அது என்று விளக்கினேன். தம் தாத்தாவின் பிறந்தநாள் ஏன் ஜூன் 1 என்பது சிலருக்கு அன்றுதான் விளங்கியது.

வகுப்பறையில் காட்டுவதற்கு மட்டும் என்ற நிபந்தனையின் பேரில் இரண்டு பக்கங்களைப் படமெடுக்கக் காப்பகம் அனுமதித்தது. அந்தப் படங்களை ஒன்பதாம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பகிர நான் ஒப்புதல் கொடுத்தேன். முதல் தவறு என்னுடையது, அதற்காக வருந்துகிறேன். ஆனால் அதன் பின் நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பாக முடியாது. ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டு, அந்தப் படத்தை ஊர்க் குழுக்கள் வரை அனுப்பியிருக்கிறார்கள். 'சம்பளம் கட்டாததால் பெயர் நீக்கம்' என்று எழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் எழுதிய குறிப்பைச் சொல்லிச் சொல்லி, அந்தப் பெரியவரின் பேரனை மதிய உணவு வேளையில் கேலி செய்திருக்கிறார்கள். இன்னொரு வரியில் உள்ள சாதிப் பெயரை, இன்று ஒருவரை அப்படி அழைத்தால் சட்டம் குறுக்கே வரும் என்று தெரிந்திருந்தும், சிரிப்புக் குறியுடன் பெரியவர்களே பகிர்ந்திருக்கிறார்கள்.

"இவையெல்லாம் வரலாறுதானே, மறைப்பானேன்?" என்று ஒரு தந்தை என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, அந்தந்தப் பகுதியின் பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய தொகுப்புக் குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். கலெக்டர்கள் அனுப்பிய பட்டியல்களிலும் சாதிவாரியான கட்டங்கள் உண்டு. ஆனால் அவை எண்ணிக்கைகள். அவற்றை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் யார் படித்தாலும் எந்த வீட்டுக்கும் தலைகுனிவு இல்லை. நம் பதிவேட்டிலோ ஒவ்வொரு வரியும் ஓர் ஆளின் பெயரில் தொடங்குகிறது. அந்த ஆளின் பேத்தி இன்று நம் வகுப்பறையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சாதிக் கட்டத்தைக் கட்டணச் சலுகைக்காகவும் உதவித்தொகைக்காகவும் நிரப்பினார்கள். பிறர் கிளறிப் பார்ப்பதற்காக எவரும் தம் பிள்ளையின் விவரத்தைப் பள்ளியிடம் ஒப்படைக்கவில்லை.

ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன். அந்தப் படங்கள் யாருடைய கைபேசியில் இருந்தாலும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கப்பட வேண்டும். தாங்கள் அனுப்பிய குழுக்களிலிருந்தும் தாங்களே நீக்க வேண்டும். இனி எவரேனும் இவற்றைப் பகிர்ந்ததாகத் தெரியவந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசுவதோடு நிற்க மாட்டேன். சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய செய்தியாக இருந்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் அளிப்பேன். பிள்ளைகளின் கேலியை வகுப்பாசிரியர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். பெரியவர்கள் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது.

தம் குடும்பத்தாரின் பதிவைப் பார்க்க விரும்புவோர் தாராளமாகப் பார்க்கலாம். உறவுமுறையையும் சேர்ந்த ஆண்டு ஏறத்தாழ எது என்பதையும் குறிப்பிட்டுப் பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால், முகப்புக் கடிதத்துடன் காப்பகத்துக்கு அனுப்பிவைப்பேன். அந்த ஒரு வரியை மட்டும் படியெடுத்துத் தர அவர்கள் இசைந்திருக்கிறார்கள். பிறந்த தேதியைத் திருத்தித் தரும்படி மட்டும் கேட்க வேண்டாம். அந்த ஏடுகளில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற எனக்கோ காப்பகத்துக்கோ அதிகாரமில்லை.

சிவப்பு வட்டமிட்ட படத்தை முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டியவர் ஒரு தாய். தம் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றார். அவருக்கு என் நன்றி. வேலைநாளன்று விடுப்பெடுத்து மாணவர்களுடன் பேருந்தில் துணைக்கு வந்த ஆறு பெற்றோர்களுக்கும், பதிவேடுகளைச் சுற்றிவைக்க வெள்ளைக் காடாத் துணி வாங்கிக் கொடுத்த முன்னாள் மாணவருக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. கேலிக்கு ஆளான மாணவனின் தாத்தா சென்ற வாரம் பள்ளிக்கு வந்திருந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்திருந்தேன். தம் பெயர் அந்த ஏட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை காப்பகம் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்கிறோம்.

இத்துடன் உள்ள சீட்டில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்