இரைச்சலைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களுக்கும், அவற்றைச் சுத்தப்படுத்தும் ஒலிப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். 1920களின் காஸ்பெல் புளூஸ் பதிவுகளை, அதாவது புளூஸ் பாணியில் பாடிய அமெரிக்கக் கிறித்தவப் பக்திப் பாடல்களை, விரும்பிக் கேட்கும் பலரில் நானும் ஒருவன். இத்தனைக்கும் எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நீங்கள் இரைச்சலை நீக்கித் 'தெளிவாக்கி' வெளியிடும் தொகுப்புகள் பற்றித்தான் இந்த மடல்.

பிளைண்ட் வில்லி ஜான்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் தெருக்களில் பாடிய பார்வையற்ற மனிதர். 1927 முதல் 1930 வரை கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிந்த முப்பது இசைத்தட்டுப் பக்கங்கள்தான் அவர் விட்டுப்போன மொத்தச் சொத்து. அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வரும். பாட்டு வரியைப் பாதியில் விட்டுவிடுவார், மிச்சத்தைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் சொல்லி முடிக்கும். 1929இல் நியூ ஆர்லியன்ஸில் பதிந்த 'லெட் யுவர் லைட் ஷைன் ஆன் மீ'யில் முதலில் இயல்பான குரலில் நிதானமாகப் பாடுவார், அப்புறம் வேகம் ஏறும், கடைசியில் அந்தக் கரகரப்பு வந்து இறங்கும். பாட்டின் உயிரே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மென்பொருளுக்கு இது புரிவதில்லை. கரகரத்த குரலின் மேல்பகுதியும் ஊசி உரசும் இரைச்சலும் ஒரே அலைவரிசையில் கலந்து கிடக்கின்றன. ஒன்றை வழித்தால் மற்றதும் போகும். அழுக்கோடு சாயத்தையும் வெளுத்துவிடுகிறீர்கள். அவருடைய 'டார்க் வாஸ் தி நைட்' பதிவில் சொற்களே இல்லை, முனகலும் கம்பியும் மட்டுந்தான். ஒவ்வொரு முனகலின் வால் நுனியும் மெல்ல இரைச்சலுக்குள் இறங்கித் தேய வேண்டும். 'சுத்தமான' பதிப்பில் அது வெடுக்கென்று அறுபடுகிறது, நடுவே தண்ணீருக்குள் பேசுவது போல ஒரு குளுகுளு சத்தம் வேறு. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய பாட்டு ஐயா இது!

வாஷிங்டன் பிலிப்ஸ் நிலைமை இன்னும் மோசம். ஜான்சனின் முதல் பதிவுக்கு முந்தைய நாள், அதே டல்லாஸ் நகரில், அதே கொலம்பியாவுக்குப் பாடியவர். மென்மையான குரல், கூடவே கலகலக்கும் ஜிதர் வகைக் கம்பி வாத்தியம். கம்பியின் ரீங்காரம் அடங்குவதற்குள் உங்கள் வடிகட்டி முந்திக்கொள்கிறது.

இத்தனைக்கும் அந்தக் காலத்துக் கொலம்பியா தட்டுகளின் மேற்பரப்பு நல்ல தரம். பாரமவுன்ட் நிறுவனத் தட்டுகளில் இரைச்சல் தாங்காது என்று நீங்கள் சொன்னால் சரி, ஒப்புக்கொள்கிறேன். கொலம்பியாவுக்கு அந்தச் சாக்கு எடுபடாது. தேய்ந்த பிரதியை எடுத்துக்கொண்டு கணினியில் தேய்ப்பதைவிட, நல்ல பிரதி வைத்திருக்கும் சேகரிப்பாளரைத் தேடிப் போகலாம். படார் படார் என்ற வெடிப்புகளை நீக்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? தொடர்ந்து வரும் மெல்லிய இரைச்சலை மட்டும் விட்டுவிடுங்கள். கேட்பவர் காது ஒரு நிமிடத்தில் அதைத் தானே ஒதுக்கிவிடும்.

எந்த வேகத்தில் சுழற்றினீர்கள் என்பதையும் அட்டையில் போடுங்கள். 78 என்பது பெயரளவில்தான், எல்லாத் தட்டும் சரியாக அந்த வேகத்தில் பதியப்படவில்லை. அப்படியே, கூடப் பாடியவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். 1928, 1930 பதிவுகளில் ஜான்சனோடு பாடும் பெண் குரல் வில்லி பி. ஹாரிஸுடையது. நெடுங்காலம் அது வேறொருவர் பெயரில் ஓடியது. இன்னும் பல வெளியீடுகளில் யார் பெயருமே இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளிவந்த ஒலிப்பதிவுகளின் உரிமை நூறு ஆண்டுகளில் முடிகிறது. 1928இல் கடைக்கு வந்த தட்டுகளை 2029 ஜனவரி 1 முதல் அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். அதற்குள் நீங்களே ஒன்று செய்யுங்கள்: சுத்தப்படுத்திய பதிப்போடு, தட்டிலிருந்து எடுத்தபடியே கைவைக்காமல் விட்ட மூல ஒலிமாற்றத்தையும் சேர்த்து விற்பனைக்கு விடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் காசு கேட்டாலும் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்