அறிவியல் முதல் பருவத்தில் கேட்பதை, கணக்கு மூன்றாம் பருவத்தில்தான் தருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை, வரைபடம் பார்க்கத் தெரியவில்லை என்ற குறை அடிக்கடி எழுகிறது. பிள்ளைகள்மீது பழி போடும் முன், 2018, 2019இல் புதிதாக வந்த ஆறு, ஏழாம் வகுப்பு நூல்களின் பொருளடக்கத்தை எல்லாப் பாடங்களுக்கும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நூலும் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு வேண்டிய கருவி இன்னொரு பாடத்தில் பல மாதங்கள் கழித்து வருவதுதான் கோளாறு.

ஏழாம் வகுப்பு அறிவியலில் முதல் பருவத்தின் முதல் பாடம் அளவீட்டியல். அடர்த்தி அங்கேயே வந்துவிடுகிறது. அளவிடும் ஜாடியில் 50 மி.லி. தண்ணீர் எடுத்து, நூலில் கட்டிய கருங்கல்லை மெதுவாக இறக்குகிறோம். மட்டம் 70க்கு ஏறினால் கல்லின் கன அளவு 20 கன செ.மீ. கல்லின் நிறை 52 கிராம் என்றால், அடர்த்தி காண 52ஐ 20ஆல் வகுக்க வேண்டும். இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் எழுதும் விடை: 'ஈவு 2, மீதி 12'. அதுவரை கற்ற வகுத்தலின்படி அது சரியான விடை. தசம எண்களை வகுப்பது அதே வகுப்பின் கணக்கில் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது. மீதியை விட்டுவிட்டால் கண்ணாடி (சுமார் 2.5), கருங்கல் (2.6), அலுமினியம் (2.7) எல்லாமே '2' ஆகிவிடும். பொருளுக்குப் பொருள் அடர்த்தி வேறுபடும் என்பதுதான் பாடமே. அந்த வேறுபாடு முழுவதும் புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 40 கிராமை 50 கன செ.மீ.ஆல் வகுக்கச் சொன்னால் 'போகாது' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிறார்கள். எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்பதற்கான விடை அந்த 0.8இல் இருக்கிறது.

இதற்கு அறிவியல் ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் முன்கூட்டிப் பேசிக்கொண்டால் போதும். அடர்த்திப் பாடத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் இரண்டு பாடவேளை ஒதுக்கி, 52 ரூபாயை 20 பேருக்குப் பிரிக்கச் சொல்லலாம். தலைக்கு 2 ரூபாய் கொடுத்தபின் மிஞ்சும் 12 ரூபாய் 1,200 பைசா. அதை 20 பேருக்குப் பிரித்தால் 60 பைசா. 2.60 என்பது அப்படியே கிடைக்கிறது. ரூபாய், பைசாவைப் புள்ளி வைத்து எழுத அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சோதனையிலும் சில கவனங்கள் வேண்டும்: தண்ணீரின் வளைந்த மேற்பரப்பின் அடிமட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், கல்லைத் தொப்பென்று போட்டால் தண்ணீர் தெறித்துக் கன அளவு குறைவாகக் காட்டும், கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழி அதைக் கூட்டிக் காட்டும். செங்கல் துண்டு இதற்கு ஆகாது, தண்ணீரைக் குடித்துவிடும்.

அதே பருவத்தில் 'விசையும் இயக்கமும்' பாடத்தில் தொலைவு - காலம் வரைபடம் வருகிறது. புள்ளிகளைக் குறித்து நேர்கோட்டு வரைபடம் வரையக் கணக்கு கற்றுத்தருவது எட்டாம் வகுப்பில். நடுவில் ஓராண்டு இடைவெளி. விளைவாக இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அச்சில் 10, 20, 50, 60 என்று கையிலுள்ள எண்களைச் சம இடைவெளியில் எழுதிவிடுகிறார்கள். சீரான வேகத்துக்கு நேர்கோடு வர வேண்டிய இடத்தில் வளைந்த கோடு வருகிறது. மற்றொன்று, படுத்த கோட்டைப் பார்த்து 'வண்டி சமதளத்தில் போகிறது' என்பது. வண்டி நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். ஆறாம் வகுப்பில் பட்டை வரைபடம் கற்றுவிட்டார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பட்டைகளின் உச்சிகளைப் புள்ளிகளாக வைத்து, ஒரு கட்டத்துக்கு 10 மீட்டர் என்று முதலில் எழுதவைத்து, அதன்பின் இணைக்கச் சொன்னால் இந்த இரண்டு பிழையும் வெகுவாகக் குறையும்.

சமூக அறிவியலிலும் இதே கதைதான். ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் சிந்துவெளி நாகரிகம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 3300 முதல் 1900 வரை என்று படிக்கிறார்கள். பெரிய எண் ஏன் முன்னால் வருகிறது என்று குழம்புகிறவர்கள் பலர். பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் எண்கள் உண்டு என்பதைக் கணக்கில் பார்ப்பது மூன்றாம் பருவத்தின் 'முழுக்கள்' பாடத்தில். வரலாற்று வகுப்பில் கரும்பலகையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் நூற்றாண்டுகளைக் குறித்தாலே பாதிக் குழப்பம் தீரும். அங்கேயே ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடலாம்: பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு கிடையாது, அதனால் பொ.ஆ.மு. 5இலிருந்து பொ.ஆ. 5 வரை 9 ஆண்டுகள்தான்.

புவியியலில் என்னைக் கவலைப்படுத்துவது நேரக் கணக்கு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியத் திட்ட நேரத்துக்குரிய தீர்க்கக்கோடு 82° 30' கிழக்கு. பிள்ளைகள் இதை 82.30 என்று எழுதி நான்கால் பெருக்குகிறார்கள். வருவது 329.2 நிமிடம். சரியான விடை 330 நிமிடம், அதாவது கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். விடை ஏறக்குறைய ஒத்துப்போவதால் பிழை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. இங்கே 30' என்பது நேரத்தின் நிமிடம் அல்ல, கோணத்தின் நிமிடம்; ஒரு பாகைக்கு 60 கோண நிமிடம் என்பதால் 30' என்றால் அரைப் பாகை, ஆகவே 82.5 என்று எழுத வேண்டும். இதைத் திருத்தாமல் விட்டால் உயர்நிலை வகுப்புகளில் கோணக் கணக்குக்கும் அதே பிழை கூடவே போகும்.

தமிழ்ப் பாடத்துக்கும் இதில் பங்கு உண்டு. சோதனையைச் செய்துவிட்டு, என்ன செய்தோம், என்ன கண்டோம், ஏன் அப்படி என்று மூன்று பத்தி எழுதுவதைக் கட்டுரைப் பயிற்சியாகவே தரலாம். அறிவியல் தேர்வில் 'காரணம் கூறுக' என்ற வினாவுக்குப் பல பிள்ளைகள் கண்டதையே மறுபடி எழுதுகிறார்கள். கண்டதையும் காரணத்தையும் பிரித்து எழுதப் பழக்குவது மொழி வகுப்பின் வேலை.

பல நடுநிலைப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் கணக்கும் அறிவியலும் எடுக்கிறார். அங்கே பாடவேளைகளை முன்பின் மாற்றிக்கொள்வது எளிது. மற்ற பள்ளிகளில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பாட ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பாடத்துக்கு எந்தக் கணக்கு முன்னால் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டிவிட வேண்டும். தலைமை ஆசிரியர்கள் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கித்தர வேண்டும்.

பாடநூல் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நூல்களைத் திருத்தும்போது ஏழாம் வகுப்புத் தசம வகுத்தலை முதல் பருவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு இடம் வேண்டுமானால் முதல் பருவத்திலுள்ள முழுக்களின் பெருக்கல், வகுத்தலை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளலாம். முதல் பருவ அறிவியல் எதுவும் அதைக் கேட்பதில்லை. ஆறாம் வகுப்பில் எண்கோட்டின் இடப்பக்கத்தை மட்டும், கூட்டல் கழித்தல் இல்லாமல், முதல் பருவத்திலேயே இரண்டு பக்கத்தில் அறிமுகப்படுத்தினால் வரலாற்று ஆசிரியருக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளிக் கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்